மூலத்தை மூடிய உரை

நூலுக்கு உரை காண்போரில் மூன்று வகையினர் உண்டு. மூலத்தில் இருள் படிந்த இடத்தில் விளக்கேற்றுவோர் ஒரு வகை. மூலம் சொல்லாததையெல்லாம் தாம் சொல்லிவிட்டு, அதனை மூலத்தின் தலையில் ஏற்றிவிடுவோர் இன்னொரு வகை. மூலத்தைப் பெட்டியில் இட்டுப் பூட்டி, சாவியை மடியில் முடிந்துகொண்டு, "உள்ளே இருப்பது இவ்வளவுதான், எங்கள் சொல்லை நம்புங்கள்" என்போர் மூன்றாம் வகை. முதல் வகையினர்க்கு நன்றி சொல்கிறோம். இரண்டாம் வகையினரோடு வாதிடுகிறோம். மூன்றாம் வகையினரோடு வாதிடவும் வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நம் கையில் மூலமே இல்லையே!

இம்மூன்றாம் வகைக்கு நம் காலம் தந்த நல்ல எடுத்துக்காட்டு, ஜெர்மானிய நீதிபதி ஹான்ஸ் யோவாகிம் எக்கர்ட் 2014-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் வெளியிட்ட 42 பக்க அறிக்கை. உலகக் கால்பந்தாட்டக் கூட்டமைப்பாகிய ஃபிஃபா, 2018, 2022 ஆகிய இரு ஆண்டுகளின் உலகக் கோப்பைப் போட்டிகளை நடத்தும் உரிமையை எந்த நாட்டுக்கு அளிப்பது என்று வாக்கெடுத்ததே, அந்த வாக்கில் கையூட்டு புகுந்ததா என்ற கேள்விக்கு விடையாக வந்தது அது. இன்று அதனை எடுத்து வைத்துத் திறனாய்வது வீண்வேலை ஆகாது. ஓர் ஆதிக்க அமைப்பு தன்னைத்தானே விசாரித்து, தனக்குத்தானே நற்சான்று எழுதிக்கொள்வது எப்படி என்று அறிய விரும்பும் இளைஞர்க்கு இதைவிடத் தெளிவான பாடநூல் எளிதில் அகப்படாது.

முதலில் அந்த வாக்கெடுப்பு.

2010-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் ஃபிஃபாவின் செயற்குழு கூடிற்று. இருநூறுக்கு மேற்பட்ட நாடுகளின் சங்கங்கள் அங்கம் வகிக்கும் அமைப்பு அது. ஆனால் உலகம் முழுவதும் கண்கொட்டாமல் பார்க்கும் ஒரு திருவிழாவை எந்த மண்ணில் நடத்துவது என்று முடிவு செய்யும் உரிமை 24 பேரிடம் மட்டுமே இருந்தது. வாக்கு மறைவானது. எவர் எவர்க்கு அளித்தார் என்று சொல்லத் தேவையில்லை. ஏன் அளித்தார் என்று எழுதத் தேவையில்லை. இவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஆட்டக்காரர்கள் அல்லர். ஆட்டத்தைக் காசு கொடுத்துப் பார்ப்பவர்களும் அல்லர். கண்டந்தோறும் உள்ள கூட்டமைப்புகளின் தலைவர்களும், அவர்களைச் சூழ்ந்தவர்களுமே அவர்கள். நாட்டுச் சங்கங்களுக்கு மானியம் வழங்குவது தலைமை. தலைமைக்கு வாக்கு வழங்குவது நாட்டுச் சங்கங்கள். கொடுப்பவனும் கொள்பவனும் ஒருவரையொருவர் சுமந்து நிற்கும் வட்டம் இது. வெளியே நிற்பவன் கணக்குக் கேட்க இடமேது?

அந்த 24 பேரும் அன்று வாக்களிக்கவில்லை; 22 பேரே வாக்களித்தனர். மற்ற இருவர் எங்கே போயினர்? அவ்வாண்டு அக்டோபரில் இலண்டன் சண்டே டைம்ஸ் இதழின் செய்தியாளர்கள் போட்டிக்கு ஆதரவு திரட்டும் தரகர்களைப் போல வேடமிட்டுச் சென்று சிலரைச் சந்தித்தனர். நைஜீரியாவின் அமோஸ் அடாமுவும், டஹிட்டியின் ரேனால்ட் டெமாரியும் அவர்களோடு பணம் பற்றிப் பேசியது வெளிவந்தது. அடாமுவுக்கு மூன்றாண்டும் டெமாரிக்கு ஓராண்டும் தடை விதித்தது ஃபிஃபா. பன்னிரண்டில் ஒரு பங்கு வாக்காளர்கள், வாக்கெடுப்புக்குச் சில கிழமைகள் முன்பு வீழ்ந்துபட்டனர். பகுத்தறிவுள்ள அவை என்ன செய்திருக்கும்? வாக்கெடுப்பைத் தள்ளிவைத்து, எஞ்சியோரையும் ஆராய்ந்திருக்கும். இவர்களோ இருவரை நீக்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு காரியத்தைத் தொடர்ந்தார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரே நாளில் இரண்டு போட்டிகளுக்கும் வாக்கு! "2018-க்கு நீ எனக்கு, 2022-க்கு நான் உனக்கு" என்று பேரம் பேசுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு உண்டோ? ஸ்பெயினும் போர்ச்சுகலும் கூட்டாகக் கேட்ட 2018-க்கும், கத்தார் கேட்ட 2022-க்கும் இடையே அப்படியோர் உடன்பாடு இருந்ததென்று வலுவாகப் பேசப்பட்டது, சம்பந்தப்பட்டோர் மறுத்தனர். அதை விடுவோம். ஃபிஃபாவின் அந்நாள் தலைவர் செப் பிளாட்டரே, 2015 அக்டோபரில் ரஷ்யச் செய்தி நிறுவனத்துக்கு அளித்த பேட்டியில், 2018 ரஷ்யாவுக்கு, 2022 அமெரிக்காவுக்கு என்று முன்னரே ஓர் இசைவு இருந்தது எனக் கூறினார். வாக்குப்பெட்டி திறக்குமுன்பே முடிவு பேசப்பட்டிருந்தது என்று கூறியவர், குற்றம் சாட்டும் எதிரி அல்லர். பெட்டிக்குக் காவலாக நின்ற தலைவர்.

எண்களைப் பாருங்கள். 2018-க்கான முதற்சுற்றில் ரஷ்யாவுக்கு 9, ஸ்பெயின்–போர்ச்சுகலுக்கு 7, நெதர்லாந்து–பெல்ஜியத்துக்கு 4, இங்கிலாந்துக்கு 2. ஆட்டத்துக்கு விதி வகுத்த நாடு என்று பெருமை கொள்ளும் இங்கிலாந்து, தலைமை அமைச்சரையும் இளவரசரையும் அனுப்பி வேண்டியும், தன் நாட்டவரின் வாக்குக்கு மேல் ஒன்றே பெற்றது. இரண்டாம் சுற்றில் 13 வாக்குடன் ரஷ்யா வென்றது. 2022-க்கான முதற்சுற்றில் கத்தாருக்கு 11, தென்கொரியாவுக்கு 4, ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் மும்மூன்று, ஆஸ்திரேலியாவுக்கு 1. அந்த ஒற்றை வாக்குக்காக ஆஸ்திரேலிய அரசு செலவிட்டது 4.5 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். அத்தனையும் மக்கள் வரிப்பணம். நான்காம் சுற்றின் முடிவில் கத்தார் 14, அமெரிக்கா 8.

வாக்கெடுப்புக்கு முன்பே ஃபிஃபா அனுப்பிய ஆய்வுக்குழு ஒன்று ஒவ்வொரு நாட்டுக்கும் சென்று பார்த்து மதிப்பீடு எழுதிக் கொடுத்திருந்தது. கத்தாரில் போட்டி நடத்துவதில் உள்ள இடர் மிகுதி என்றும், ஜூன், ஜூலைத் திங்கள்களின் வெயில் உடல்நலத்துக்குத் தீங்காகக் கூடும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. 22 பேரில் 14 பேர் அந்த நாட்டையே தேர்ந்தார்கள். பின்னர் 2015-இல்தான் வெயில் நினைவுக்கு வந்தது போலும்! கோடைப் போட்டி நவம்பர், டிசம்பருக்கு மாற்றப்பட்டது. கேட்டவர்கள் எல்லோரும் கோடைக்காகக் கேட்டார்கள். பெற்றவர் குளிர்காலத்துக்குப் பெற்றார். பந்தயம் முடிந்தபின் பாதையை மாற்றியதற்கு ஒப்பானது இது. தோற்றவர்க்கு மறுபடி ஓட வாய்ப்பளிக்க வேண்டும் என்று எவர்க்கும் தோன்றவில்லை.

முணுமுணுப்பு முழக்கமானபோது, 2012-இல் ஃபிஃபா தன் ஒழுக்க நெறிக் குழுவை இரண்டாகப் பிரித்தது. விசாரிக்கும் பிரிவுக்கு நியூயார்க்கின் முன்னாள் அரசு வழக்கறிஞர் மைக்கேல் கார்சியா. தீர்ப்பளிக்கும் பிரிவுக்கு எக்கர்ட். கார்சியா ஏறத்தாழ ஈராண்டு அலைந்தார். எவரையும் கட்டாயப்படுத்திச் சாட்சி சொல்ல வைக்க அவர்க்கு அதிகாரமில்லை. பதவியை விட்டு விலகியவர் வாயைத் திறக்க மறுத்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ரஷ்யாவுக்குள் நுழைய அவர்க்குத் தடை இருந்தமையால் அந்தப் பகுதியை அவருடைய துணைவர் கவனித்தார். இத்தனை குறைகளோடும் 2014 செப்டம்பரில் 430 பக்கங்கள் கொண்ட அறிக்கையை ஒப்படைத்தார். அது மூலம். அதற்கு எக்கர்ட் எழுதிய சுருக்கவுரைதான் 42 பக்கம்.

சுருக்கவுரையைப் படித்துப் பார்ப்போர்க்கு முதலில் புலப்படுவது அதன் தராசு. இங்கிலாந்து, கரீபியன் கால்பந்து ஒன்றியத்தின் விருந்தொன்றுக்கு 55,000 டாலர் கொடுத்து, செயற்குழு உறுப்பினர் ஜாக் வார்னரைக் குளிர்விக்க முயன்றது, கண்டனம். ஆஸ்திரேலியா, மேம்பாட்டு உதவி என்ற பெயரால் வாக்காளர்கள் பக்கம் பணத்தைத் திருப்பியது, கண்டனம். இரண்டும் உண்மையாகவே கண்டிக்கத்தக்கவை; மறுப்பாரில்லை. ஆனால் 2010 சனவரியில் அங்கோலாவில் கூடிய ஆப்பிரிக்கக் கால்பந்துப் பேரவைக்குக் கத்தார் 18 இலட்சம் டாலர் கொடுத்து, அங்கு வந்த வாக்காளர்களை அணுகும் வாய்ப்பைத் தனக்கு மட்டுமே உரியதாக்கிக்கொண்டது என்ற செய்தியும் அதே உரையில் இருக்கிறது. அது அந்நாள் விதிகளை மீறவில்லையாம். ஐம்பத்தையாயிரம் குற்றமாகவும் பதினெட்டு இலட்சம் விதிக்குட்பட்டதாகவும் ஆகும் ஒரு விதிநூலைப் பார்த்து, விதியை எழுதியவர் யார் என்று உரையாசிரியர் ஒருமுறையேனும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தோற்றவனின் குற்றம் பத்தி பத்தியாக விரிகிறது. வென்றவனின் குற்றம் வரி வரியாகச் சுருங்குகிறது.

அடுத்தது கணினிகளின் கதை. ரஷ்யாவின் ஏற்பாட்டுக்குழு மிகச்சில ஆவணங்களையே கொடுத்தது. ஏன் என்று கேட்டதற்கு, அக்குழு பயன்படுத்திய கணினிகள் வாடகைக்கு எடுத்தவை, திருப்பிக் கொடுக்கப்பட்டன, உரிமையாளர் அவற்றை அழித்துவிட்டார் என்று விடை வந்தது. இதனை உரையாசிரியர் எழுதுகிறார். எழுதிவிட்டு, கிடைத்த சான்றுகள் போதவில்லை என்று முடிக்கிறார். சான்று இல்லாமை வேறு, சான்று இல்லாமல் போனமை வேறு அன்றோ? வீடு எரிந்த இடத்தில் சாம்பலை மட்டும் கண்டவன், இங்கு வீடே இருந்ததில்லை என்று எழுதலாமா?

மூன்றாவது, சாட்சிகளை நடத்திய விதம். கத்தாரின் குழுவிலும் ஆஸ்திரேலியாவின் குழுவிலும் பணியாற்றிய இரு பெண்கள், தாம் கண்டவற்றைச் சொல்ல முன்வந்தனர். பெயர் மறைக்கப்படும் என்ற உறுதியின் பேரில் பேசினர். சுருக்கவுரை அவர்களின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் இன்னார் என்று எவரும் எளிதில் அறியும்படி எழுதி, அவர்களின் சொல் நம்பத்தக்கதன்று என்றும் முத்திரை குத்தியது. செயற்குழு உறுப்பினர்களின் நம்பகத்தன்மையை இப்படி உரசிப் பார்த்த இடம் அதில் எங்கேயும் இல்லை. துணிந்து பேசியவர் சொல்லுக்கு உரைகல். வாய்மூடி இருந்தவர் மௌனத்துக்கு மரியாதை.

இத்தனைக்குப் பிறகு உரை சொல்லும் முடிவு யாதெனில், நடந்த குறைபாடுகள் வாக்கெடுப்பை மீண்டும் நடத்தத் தக்க அளவுக்கு அருகில்கூட வரவில்லை என்பதே. ஃபிஃபா அதனை வரவேற்றது.

அடுத்த சில மணி நேரத்தில் நிகழ்ந்ததுதான் இந்த நாடகத்தின் உயிர். மூலத்தை எழுதிய கார்சியாவே எழுந்து நின்று, இந்தச் சுருக்கத்தில் என் கண்டுபிடிப்புகளும் முடிவுகளும் குறைபடவும் பிழைபடவும் எடுத்துரைக்கப்பட்டுள்ளன என்றார். நூலாசிரியன் உயிரோடு இருக்கும்போதே, அவன் கண்ணெதிரில், அவன் சொல்லாததை அவன் சொன்னதாக உரைப்பது எத்துணைத் துணிவு! கார்சியா மேல்முறையீடு செய்தார். டிசம்பர் 16-ஆம் நாள் அது தள்ளப்பட்டது. ஏன்? எக்கர்ட் வெளியிட்டது சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தும் முடிவு அன்று. முடிவு அல்லாத ஒன்றின்மேல் முறையீடு எப்படி வரும் என்றார்கள். உலகத்திடம் சொல்லும்போது அது முடிவு. கேள்வி கேட்கும்போது அது முடிவு அன்று. மறுநாள் கார்சியா பதவி விலகினார்.

மூலம் என்ன ஆயிற்று? பெட்டியிலேயே கிடந்தது. 2017 ஜூனில் ஜெர்மனியின் பில்ட் நாளேட்டின் கைக்கு அதன் படி ஒன்று சிக்கிப் பகுதி பகுதியாக அச்சேறத் தொடங்கிய பிறகே, ஃபிஃபா முழு அறிக்கையையும் வெளியிட்டது. அதற்கு முந்திய மாதந்தான் எக்கர்ட்டின் பதவியும் புதுப்பிக்கப்படாமல் போயிருந்தது. பயன்பட்ட உரையாசிரியர்க்கும் அந்த அவையில் நிலையான இருக்கை இல்லை.

திறனாய்வாளன் ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். வெளிவந்த மூலத்தில், இன்னார் இன்ன வாக்குக்கு இவ்வளவு பெற்றார் என்ற விலைச்சீட்டு அகப்படவில்லை. கத்தாரிடமிருந்து போட்டியைப் பறிக்க வேண்டும் என்றும் அது சொல்லவில்லை. அதில் இருப்பது வேறு: தம் உறவினர்க்கு, தம் நண்பர்க்கு, தம் சங்கத்துக்கு என்ன கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதையே உரிமையாகக் கருதிய ஒரு கூட்டத்தின் படம். வேட்பு நாடுகள் ஒவ்வொன்றும் அந்த எதிர்பார்ப்பை அறிந்து, தத்தம் சக்திக்கேற்ப வளைந்து கொடுத்ததன் படம். அப்படியானால் மூன்றாண்டு ஏன் மறைத்தார்கள்? அதில் வெடிகுண்டு இருந்ததால் அன்று. உலகம் அந்தப் படத்தைப் பார்த்தால், "இவர் திருடினாரா?" என்ற கேள்வி மாறி, "இவர்கள் கையில் இந்தச் சாவியைக் கொடுத்தவர் யார்?" என்ற கேள்வி எழும். முதற்கேள்விக்குச் சான்று போதாது என்று விடை சொல்லலாம். இரண்டாம் கேள்விக்கு அவர்களிடம் விடையே இல்லை.

"மெய்ப்பிக்கப்படவில்லை" என்பது ஒன்று. "குற்றமற்றவர்" என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வெளியில்தான் எக்கர்ட்டின் 42 பக்கங்களும் நடமாடின.

அந்த 22 பேரின் பின்கதையைப் பாருங்கள். 2015 மே 27-ஆம் நாள் விடியலில் ஜூரிச்சின் ஆடம்பர விடுதி ஒன்றில் சுவிஸ் காவலர் புகுந்து கால்பந்து நிர்வாகிகள் எழுவரைக் கைது செய்தனர். இருபத்துநான்கு ஆண்டுகளில் 15 கோடி டாலருக்கு மேல் கையூட்டு கைமாறியது என்பது அமெரிக்கக் குற்றப்பத்திரிகையின் கூற்று. அந்த வழக்கின் பெரும்பகுதி ஒளிபரப்பு உரிமை பற்றியதே. ஆனால் அதற்கு வழி திறந்தவர்களுள் ஒருவர், 2010-இல் வாக்களித்த அமெரிக்கர் சக் பிளேசர். 2013-இலேயே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் அவர். (நியூயார்க்கில் அவருடைய பூனைகளுக்கென்றே தனி அடுக்குவீடு இருந்ததென இதழ்கள் எழுதின, நம் ஊர்ப் பண்ணையார்கூட அந்த உயரத்தை எட்டியதில்லை.) வார்னர் 2015-இல் வாழ்நாள் தடை பெற்றார். கத்தாரின் முகமது பின் ஹம்மாம் 2012-இல் இறுதியாக வாழ்நாள் தடைக்கு ஆளானார். பிரேசிலின் டெய்க்சேராவும் 2019-இல் அவ்வாறே. பிளாட்டரும் பிரான்சின் பிளாட்டினியும் வேறொரு பணப்பட்டுவாடா தொடர்பாகத் தடை பெற்றனர். சுவிஸ் நீதிமன்றம் 2022-இலும் 2025-இலும் அவ்விருவரையும் குற்றமற்றவர் என விடுவித்தது என்பதையும் இங்கே எழுதுவதே முறை.

2020 ஏப்ரலில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் முதன்முறையாக எழுத்தில் வைத்தார்கள்: தென்னமெரிக்க உறுப்பினர்கள் கத்தாருக்கு வாக்களிக்கப் பணம் பெற்றனர் என்றும், வார்னர் ரஷ்யாவுக்கு வாக்களிக்க 50 இலட்சம் டாலர் பெற்றார் என்றும். இரு நாடுகளும் மறுத்தன. அந்தத் தென்னமெரிக்கர் மூவரில் இருவர் அதற்குள் மறைந்துவிட்டனர். வாக்குக்கு விலை பேசப்பட்டதா என்ற அந்தக் கேள்விக்கு நீதிமன்றத் தீர்ப்பு இல்லை. சுவிட்சர்லாந்தின் சட்டமே அந்நாளில் எப்படி இருந்தது? தனியார் சங்கத்தின் நிர்வாகி ஒருவர் கையூட்டு வாங்கினால், நேர்மையற்ற போட்டி என்று ஒருவர் முறையிட்டாலன்றி அரசு தானாக வழக்கெடுக்க இயலாது. அந்த ஓட்டை அடைபட்டது 2016 ஜூலையில். ஃபிஃபா அந்த மண்ணைத் தன் இருப்பிடமாகக் கொண்டிருப்பது மலைக்காற்றுக்காக மட்டும் என்று நம்புவோர் நம்பலாம்.

"இஃதெல்லாம் தோற்ற வெள்ளையரின் வயிற்றெரிச்சல், ஓர் அரபு நாடு உலகக் கோப்பையை நடத்துவதைப் பொறுக்காதார் கிளப்பிய புழுதி" என்பார் உளர். இதனைத் தட்டிக்கழிக்க நான் ஒருப்படேன். இதில் பாதி உண்மை இருக்கிறது. அரபு மண்ணில் உலகக் கோப்பை நடக்கலாகாதா? நடக்கலாம், நடக்க வேண்டும். 2022-இல் மொராக்கோ அரையிறுதியை எட்டியபோது, அந்த நிலைக்கு வந்த முதல் ஆப்பிரிக்க நாடு அது என்று மகிழாத மனம் மனமன்று. ஐரோப்பாவின் கையும் தூயதன்று. 2000-ஆம் ஆண்டு ஜூலையில் 2006-க்கான போட்டியை ஜெர்மனி 12-க்கு 11 என்று தென்னாப்பிரிக்காவிடமிருந்து தட்டிச் சென்றது. நியூசிலாந்தின் சார்லஸ் டெம்ப்சி கடைசிச் சுற்றில் வாக்களிக்காமல் வெளியேறினார். அதற்கு முந்தைய இரவில் ஜெர்மனியின் டைட்டானிக் என்னும் நையாண்டி இதழ், எங்கள் நாட்டுக்கு வாக்களித்தால் குயில் கடிகாரமும் பன்றித்தொடை இறைச்சியும் தருவோம் என்று உறுப்பினர்களுக்குத் தொலைநகல் அனுப்பிக் கேலி செய்திருந்தது. கேலிக்கும் மெய்க்கும் இடைவெளி இல்லாத மன்றம் அது! 2015-இல் ஜெர்மானியச் சங்கத்தின் 67 இலட்சம் யூரோ பற்றிய செய்தி வெடித்தது. சங்கமே அமர்த்திய விசாரணை, வாக்கு வாங்கியதற்குச் சான்று இல்லை, இல்லையென்று உறுதி சொல்லவும் இயலாது என்றது. அதற்கு முன்னே 1998-க்கான தேர்விலும் மொராக்கோவின் தரப்பில் பணம் தரப்பட்டது என்கிறது அமெரிக்க வழக்கு. போட்டி போனதோ பிரான்சுக்கு. காசும் போய்க் கோப்பையும் போன கதை! ஆகவே இது கிழக்கு, மேற்கு என்ற பேதமன்று. கத்தாரை மட்டும் சுட்டிக்காட்டுவோர், தம் வீட்டுக் கூரையையும் அண்ணாந்து பார்க்கட்டும். ஆனால் எல்லார் கையிலும் கறை என்பது, எவர் கையையும் பார்க்கவேண்டா என்பதற்குக் காரணமாகாது.

அந்த 14 வாக்குகளின் விலையை வாக்களித்தவர் கொடுக்கவில்லை. ஆட்டரங்குகளும் நெடுஞ்சாலைகளும் விடுதிகளும் எழும்ப வேண்டும். எழுப்பக் கைகள் வேண்டும். நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கைகள் போயின. அவற்றுள் தமிழ் பேசும் கைகளும் உண்டு. முதலாளியின் இசைவின்றி வேலையும் மாற முடியாத கஃபாலா என்னும் கட்டுக்குள் அவர்கள் உழைத்தனர். அக்கட்டு 2020-இல்தான் தளர்த்தப்பட்டது. 2010 முதல் 2020 வரை இவ்வைந்து நாட்டுத் தொழிலாளர் 6,500-க்கு மேற்பட்டோர் கத்தாரில் மாண்டனர் என்று 2021-இல் இலண்டன் கார்டியன் நாளேடு அரசுக் கணக்குகளைத் திரட்டிக் காட்டிற்று. இந்தியர் மட்டும் 2,711 பேர். எல்லோரும் ஆட்டரங்கில் மாண்டவர் அல்லர். எல்லாக் காரணங்களும் அக்கணக்கில் அடங்கும். எத்தனை சாவு வெயிலால், எத்தனை வேலையால் என்று பிரித்துச் சொல்ல முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. அச்சாவுகளிற் பெரும்பாலானவை, உடலை அறுத்து ஆராயாமலே "இயற்கைச் சாவு" என்று எழுதி முடிக்கப்பட்டன. இளவயதுத் தொழிலாளி மாரடைத்து வீழ்ந்தால் அது இயற்கையாம். இங்கும் அதே உரை, அதே உத்தி. ஆராயாதே, ஆராயாததால் காரணம் இல்லை என்று எழுது.

இனி, நோய்க்கு ஃபிஃபா கண்ட மருந்தைப் பார்ப்போம். முதல் மருந்து நல்லது. 24 பேரிடமிருந்த உரிமையை உறுப்பு நாடுகள் அனைத்தும் கூடும் பேரவைக்கு மாற்றினார்கள். 2018 ஜூன் 13-ஆம் நாள் மாஸ்கோவில் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ கூட்டாகக் கேட்ட 2026-க்கு 134 வாக்கு, மொராக்கோவுக்கு 65. எந்த நாடு எவர்க்கு அளித்தது என்று அன்றே பட்டியல் வெளிவந்தது. அதற்கு முன்னே அமெரிக்க அதிபர் டிரம்ப், தம் நாட்டுக்கு எதிராக நிற்போர்க்கு உதவி ஏன் செய்ய வேண்டும் என்று வெளிப்படையாகவே மிரட்டியிருந்தார் என்பதும் உண்மை. எனினும் மிரட்டியவர் இன்னார், வாக்களித்தவர் இன்னார் என்று ஊரறியத் தெரிந்தது. மூடிய அறையைவிட இது மேல்.

அந்த மருந்தை இன்னொரு முறை கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. 2023 அக்டோபர் 4-ஆம் நாள் ஃபிஃபாவின் ஆட்சிக்குழு அறிவித்தது: 2030-ஐ மொராக்கோ, ஸ்பெயின், போர்ச்சுகல் மூன்றும் நடத்தும், நூற்றாண்டு நினைவாகத் தொடக்க ஆட்டங்கள் உருகுவே, அர்ஜென்டினா, பராகுவேயில் நடக்கும், ஆகவே 2034-ஐ ஆசியாவும் ஓசியானியாவும் மட்டுமே கேட்கலாம், கேட்க விரும்புவோர் அக்டோபர் 31-க்குள் சொல்ல வேண்டும். இருபத்தேழு நாள்! ஒரு நாட்டின் ஆட்டரங்குகளையும் கருவூலத்தையும் உறுதி சொல்லத் தரப்பட்ட தவணை அது. சவுதி அரேபியா அன்றே எழுந்து நின்றது. ஆஸ்திரேலியா கடைசி நாளன்று ஒதுங்கிக்கொண்டது. ஒரே ஒருவர் ஓடும் பந்தயம் ஆயிற்று. ஃபிஃபாவின் மதிப்பீட்டில் சவுதியின் ஏற்பாடு 500-க்கு 419.8 பெற்றது.

வாக்கு விலைபோயிற்று என்ற பழி வரக்கூடாதென்றால் வழி என்ன? வாக்கே இல்லாமற் செய்துவிடுவது! 2024 டிசம்பர் 11-ஆம் நாள் 211 நாட்டுச் சங்கங்களின் பேரவை காணொளி வழியே கூடிற்று. தலைவர் இன்ஃபான்டினோ கேட்டுக்கொள்ள, அவரவர் இடத்திலிருந்து திரையின் முன் கைதட்டினார்கள். 2030, 2034 இரண்டும் ஒரே கைதட்டலில் முடிந்தன. ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்க விரும்பியவர்க்கு, ஒரு கையால் தட்டும் வித்தை தெரிந்திருக்க வேண்டும். எத்தனை பேர் இசைந்தார், எத்தனை பேர் மறுத்தார் என்ற எண்ணே இல்லை. எண் இல்லாத இடத்தில் விசாரிக்கவும் ஒன்றுமில்லை. விசாரணை இல்லாத இடத்தில் 430 பக்கமும் இல்லை, 42 பக்கமும் இல்லை.

நார்வே நாட்டுச் சங்கம் மட்டும் அதற்கு முன்னரே ஃபிஃபாவுக்கு மடல் எழுதிற்று. உரிமை வழங்கும் இம்முறை குறையுடையது. கைதட்டி இசைய மாட்டோம் என்று அதில் தெரிவித்தது. வேறு கோரிக்கை பெரிதாக ஒன்றும் வைக்கவில்லை. தங்கள் நிலையைக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பதிந்து வைக்கும்படி கேட்டுக்கொண்டது.